தாழைமுனை ஓடைக்கு வடக்கா, தெற்கா?

நவம்பர் மாதத்தில் கரிசல் காட்டுக்குள் ஊர் பார்க்கப் போகாதீர்கள். பிப்ரவரியில் போங்கள். வெயில் தாங்கும் என்றால் ஆகஸ்டில்கூடப் போங்கள். நான் 2006 நவம்பரில், இரண்டாவது சனிக்கிழமை, மூன்று நாள் அடைமழை விட்ட மறுநாள் போனேன். ஆசைப்பட்டுப் போகவில்லை, கோபத்தில் போனேன்.

கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். எங்களுக்குக் கிழக்கே கடலைத் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்தின் பள்ளிகளில் மாட்டுவதற்கு ஒரு சுவர்ப்படம் தயாரிக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. மண்வகை, ஓடைகள், ஊர்கள், கீழே அரைப்பக்கம் வரலாறு. நாலு மாதம் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இதில் போயின. பழைய நில அளவைப் படம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன்மேல் தாளை வைத்துக் கோடு கோடாக நகலெடுத்தேன். சிவகாசி அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதியும் வந்துவிட்டது. திங்கட்கிழமை ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

(அந்த வட்டத்தை இங்கே வடக்கு வட்டம் என்றும், அதற்கு அடுத்ததைத் தெற்கு வட்டம் என்றும் மட்டும் சொல்கிறேன். பெயரை எழுதினால் மறுநாளே யாராவது போன் பண்ணுவார்கள்.)

வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் மாதிரிப் பிரதியை மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். எங்கள் அலுவலக எழுத்தர் செல்வமேரி சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்க வந்தவர் நின்று பார்த்தார். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர் அவர். திருமணமாகிக் கோவில்பட்டியில் குடியேறிப் பதினைந்து வருடம் ஆகிறது. விரலைக் கடலோரமாகவே மேலிருந்து கீழே கொண்டுபோய்விட்டு, எங்கள் ஊர் தாழைமுனையைக் காணவில்லையே என்றார்.

அந்த ஊர் ஓடைக்குத் தெற்கே இருக்கிறது, ஓடைதான் வட்டத்தின் எல்லை, ஆகவே உங்கள் ஊர் தெற்கு வட்டம், இந்தப் படத்தில் வராது என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன்.

“ஓடை எங்க ஊருக்குத் தெக்காலல்லா சார் ஓடுது” என்றார்.

“படத்துல வடக்கால ஓடுதும்மா.”

“அப்பம் படம் தப்பு சார்.”

நாலு ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிரித்தார். புவியியலில் முதுகலைப் பட்டம், இருபத்திரண்டு வருட அனுபவம், கையில் அரசாங்கப் படம். எல்லாம் இருந்தும் எனக்குக் காது சூடாகிவிட்டது. சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மாவைப் பார்க்க நானும் போறேன், சேர்ந்தே போவோம் சார் என்றார் செல்வமேரி. தப்பிக்க வழி இல்லை.

விளாத்திகுளம் பேருந்து காலை 6.20க்கு என்று பேருந்து நிலையத்துப் பலகை சொன்னது. வண்டி 7.05க்கு வந்தது. எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து விளாத்திகுளம் இன்னும் இருபது. கட்டணம் பன்னிரண்டு ரூபாய். ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டதால், எதிர்வண்டிகள் தெறித்த ரோட்டுத் தண்ணீரில் என் வலது தோள் முழுக்க நனைந்தது. இடப்பக்கம் ஒருவர் கோழிக்கூண்டை மடியில் வைத்திருந்தார். கூண்டு காலியாக இருந்தது, ஆனால் வாடை காலியாகவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மழைக்குப் பிந்தைய கரிசல் பார்க்க அழகு. எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கருப்பு, அதில் உளுந்தும் பாசிப்பயறும் இரண்டு இலை விட்டு நிற்கின்றன. கொத்தமல்லி இன்னும் தலைகாட்டவில்லை. ஆறு இல்லை, பெரிய அணை இல்லை, வானம் பார்த்த பூமி. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிற இதே மண் மழையில் குடித்த தண்ணீரை நாலு மாதம் விடாமல் வைத்துக்கொள்ளும். அதை நம்பித்தான் இங்கே பருத்தியும் மிளகாயும். இதை வகுப்பில் வருடாவருடம் சொல்கிறேன். அந்த மண்ணில் இறங்கி நடந்து பல வருடங்கள் ஆகியிருந்தன என்பது அன்று மதியம்தான் உறைத்தது.

விளாத்திகுளத்தில் 8.30க்கு இறங்கினோம். குளத்தூர் வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் காசிம் அண்ணாச்சி செல்வமேரிக்குத் தெரிந்தவர். எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். என் படத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், தோணி வந்து நின்ற இடத்தையே விட்டுவிட்டீர்களே என்று கேட்டார். அவருடைய பாட்டனார் காலத்தில் மல்லியும் மிளகாயும் மாட்டுவண்டியில் ஏற்றித் தாழைமுனை ஓடைவாய்க்குக் கொண்டுபோவார்களாம். அங்கிருந்து தோணியில் தூத்துக்குடிக்கு. ரோடு வந்ததும் தோணி நின்றுபோனது. நாலு மாதம் வரலாறு தேடிய எனக்கு இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. செல்வமேரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குளத்தூர் போய்ச் சேர 10.10. அங்கிருந்து தாழைமுனை ஒன்பது கிலோமீட்டர், பேருந்து கிடையாது. ஆட்டோக்காரர் கருப்பசாமி நூற்றிருபது கேட்டார், தொண்ணூறுக்கு இறங்கினார். ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை. அது முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, முழுப் பணத்தையும் கேட்டார். ஊர்வரைக்கும்தானே பேசினோம் என்றேன்.

“அண்ணாச்சி, இந்தக் கரிசல்ல ஒரு சுத்து சுத்துனா வீலு மட்கார்டோட ஒட்டிக்கிடும். பொறவு வண்டியத் தூக்கிட்டுத்தான் போவணும். நீங்க தூக்குதீங்களா?”

நான் தூக்குவதாக இல்லை. தொண்ணூறு ரூபாயையும் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அடுத்த ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. மழை பெய்த கரிசலில் நடந்திராதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதல் அடியில் செருப்பின் அடியில் ஒட்டுகிறது. பத்தாவது அடியில் செருப்பு ஒரு கிலோ. இருபதாவது அடியில் மண் செருப்பைப் பிடித்துக்கொள்கிறது, கால் மட்டும் வெளியே வருகிறது. நான் பிளாஸ்டிக் உறையில் சுருட்டிய படத்தை ஒரு கையிலும் செருப்புகளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். செல்வமேரி தார்ச்சாலை முடிந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார். எனக்கும் சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பீங்களா சார் என்று பிறகு கேட்டார்.

நடுவில் உடைமரமும் சீமைக்கருவேலும் அடர்ந்த நீளமான பள்ளம் ஒன்று குறுக்கிட்டது. முழங்கால் அளவு இறங்கி ஏறினோம். முள் கிழித்ததில் எரிச்சல்பட்டதைத் தவிர அந்தப் பள்ளத்தைப் பற்றி நான் வேறெதுவும் யோசிக்கவில்லை. அதன்பிறகு மண் நிறம் மாறியது. கருப்பு போய்ச் செம்மணல் தேரி, பனைகள், அதற்கும் கிழக்கே மழைக்கு மூடிக்கிடந்த உப்பளங்கள், பிறகு தாழம்புதர், கடல். நாலு கிலோமீட்டருக்குள் மூன்று விதமான மண். என் படத்தில் மூன்று வண்ணம் தீட்டியிருந்தேன், அந்த மட்டிலாவது சரியாக இருந்தது.

தாழைமுனையில் நாற்பது வீடுகள் இருக்கும். ஒரு சின்னக் கோயில், அதன் வாசலில் மரச்சிலுவை, கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள். செல்வமேரியின் அண்ணன் அருளப்பன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. தங்கையைப் பார்த்துச் சிரித்தவர், என் கையிலிருந்த படச்சுருளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அளக்க வந்திருக்காவளா என்று தங்கையிடம் கேட்டார். எங்கள் பள்ளி சார்தான் என்று அவர் சொன்ன பிறகும், படத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏற்கெனவே மூன்று பேர் என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்க ஆரம்பித்தார். ஓடையைக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். அங்கன தெக்காலதான் கெடக்கு, போய்ப் பாருங்க என்றார், தலை தூக்காமல்.

ஊரின் தென்கோடிக்குப் போனேன். இருநூறு அடி தூரம்கூட இல்லை. ஓடை அகலமாக, காவி நிறத்தில், நுரை கட்டிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

படத்தை விரித்தேன். படத்தின் வடக்கு முனையை ஊர்ப்பக்கம் வைத்து ஒருமுறை பார்த்தேன். ஒருவேளை வேறு ஓடையாக இருக்குமோ என்று பார்த்தேன். சூரியனைப் பார்த்துத் திசையைச் சரிபார்த்தேன். காற்றில் படம் படபடவென்று அடித்துக்கொண்டது.

அருளப்பன் பின்னால் வந்து நின்றார். நான் நின்ற நிலையைப் பார்த்து மனம் இரங்கியிருக்க வேண்டும். வரும்போது முள்ளுப்பள்ளத்தில் இறங்கி ஏறினீர்களா, அதுதான் உங்கள் படத்தில் இருக்கிற ஓடை என்றார். அவருக்குப் பதினாலு வயதிருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் ஓடைவாய் மணலால் அடைத்துக்கொண்டதாம். மேலேயிருந்து வந்த வெள்ளம் போக இடமில்லாமல், ஒரே இரவில் ஊருக்குத் தெற்கே மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஓடைதான் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இதனால் என்ன ஆனது என்பதை வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிறது. முன்பு நடந்துபோன பிள்ளைகள் இப்போது தண்ணீரில் இறங்கிப் போக வேண்டும். கோடையில் கணுக்கால், மழையில் கழுத்து. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் யாரும் பள்ளிக்குப் போவதில்லை. இங்கேயே ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று மனுக் கொடுத்தால் தெற்கு வட்டத்தில், நீங்கள் ஓடைக்கு வடகரை, வடக்கு வட்டத்தில் கேளுங்கள் என்கிறார்கள். வடக்கு வட்டத்தில், எங்கள் கணக்கில் உங்கள் ஊரே இல்லை என்கிறார்கள். சரி, அதையே ஒரு தாளில் எழுதித் தாருங்கள் என்றால் இரண்டு பேரும் எழுதித் தருவதில்லை.

“தண்ணி எந்தப் பக்கம் போவணும்னு ஆபீஸ்ல கேட்டுட்டா போவுது?” என்றார்.

செல்வமேரி அதுவரை அம்மாவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உள்ளே இருந்தார். வெளியே வந்து, ஓடை உடைத்த அடுத்த வருடம்தான் ஏழு வயதில் தன்னைக் கோவில்பட்டி ஆஸ்டலில் கொண்டுபோய் விட்டார்கள் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். மழைக்காலத்தில் ஊரிலிருந்து யாரும் பார்க்க வரமாட்டார்கள், மற்றப் பிள்ளைகளுக்கு வருவார்கள். அவ்வளவுதான் சொன்னார். அன்று காலை முதல் என் மனத்துக்குள் அவரோடு நடத்திக்கொண்டிருந்த சண்டை அத்தோடு முடிந்தது.

மதியம் அவர்கள் வீட்டில் சாளைமீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். நான் ஊர்சுற்றும்போது சாப்பாட்டைப் பற்றி நாலு பத்தி எழுதுகிறவன். அன்று தட்டில் என்ன உறைப்பு என்றுகூட நினைவில்லை. சாப்பிட்டுவிட்டு அருளப்பனோடு பள்ளம் முழுவதும் நடந்து, பழைய ஓடை எங்கே பிரிகிறது, புதிய வாய் எங்கே என்று பென்சிலால் படத்தின் மேலேயே குறித்துக்கொண்டேன். முட்கள் திரும்பவும் கிழித்தன. 3.40க்குக் கிளம்பி, அதே கரிசலில் அதே செருப்பைச் சுமந்து, தார்ச்சாலையில் ஒரு கரிமூட்டை லாரிக்காரரிடம் கெஞ்சி ஏறி, கோவில்பட்டி வந்து சேரும்போது மணி 8.25.

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து அந்த மூலையைத் திரும்ப வரைந்தேன். ஓடையைத் தெற்கே கொண்டுவந்தேன். எல்லைக்கோடு ஓடையோடு போவதால் அதுவும் தெற்கே வந்தது. ஓடைக்கு வடகரையில் தாழைமுனை என்று எழுதினேன். வரலாற்றில் தோணியைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். அச்சகத்துக்காரர் பிளேட்டை மாற்றுவதற்குத் தனியாகப் பணம் கேட்டார், தலைமையாசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எப்படியோ ஜனவரியில் படம் வெளிவந்தது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டுபோய் செல்வமேரி மேசையில் வைத்தேன். படம் தப்பில்லை இப்பம் என்றார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை போனால் உப்பளத்தில் வேலை நடப்பதைப் பார்க்கலாம், ஆட்டோவும் ஊர்வரைக்கும் போகும். கோவில்பட்டியிலிருந்து காலை முதல் வண்டியைப் பிடித்தால் மாலைக்குள் திரும்பிவிடலாம். குளத்தூரைத் தாண்டினால் கடைகள் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், அதற்காக வெட்கப்பட வேண்டாம். தேரி மணலில் பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஓடைவாயில் குளிக்க இறங்காதீர்கள், மணல் இருப்பதுபோலத் தெரியும், இருக்காது. கையில் வரைபடம் இருந்தால் அதை யார் வரைந்தது என்று பார்ப்பதைவிட எப்போது வரைந்தது என்று பாருங்கள். என் படம் உட்பட.

இனி, இந்தப் பயணத்துக்கு வந்த பின்விளைவு. மார்ச் மாதம் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. என் சுவர்ப்படம் ஒன்று தெற்கு வட்டத்தில் யார் கண்ணிலோ பட்டிருக்கிறது. ‘தெற்கு வட்டத்துக்கு உட்பட்ட தாழைமுனை குக்கிராமத்தை எவ்வித அதிகாரமுமின்றி வடக்கு வட்டத்தில் உள்ளதாகக் காட்டியது குறித்து’ ஏழு நாட்களுக்குள் நான் விளக்கம் தர வேண்டுமாம். வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. ஊரே வேண்டாம் என்று முப்பது வருடம் துரத்தியவர்கள், ஒரு பள்ளிக்கூடப் படத்தில் அது பக்கத்து வட்டத்துக்குப் போனதும் பதறிப்போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். ஓடையின் பழைய போக்கு, புதிய போக்கு, இணைப்பாக ஒரு படம். அதைத் தட்டச்சு செய்யச் செல்வமேரியிடம் கொடுத்தேன்.

அவர் என் பதிலைப் படிக்கவில்லை. குறிப்பாணையைத்தான் நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

“சார், இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிடட்டா?”

என்மேல் வந்த மெமோ உங்களுக்கு எதற்கு என்றேன்.

“‘தெற்கு வட்டத்துக்கு உட்பட்ட தாழைமுனை’ன்னு எழுதியிருக்காவல்லா சார். சீலும் போட்டிருக்கு. இந்த ஒரு வரிக்குத்தான் எங்க அண்ணன் இத்தன வருசமா அலையுதாவ.” பிறகு என் நாலு பக்கத்தைத் திருப்பித் தந்தார். “இது வேண்டாம் சார். தப்புதான்னு வருத்தம் தெரிவிச்சு எழுதுங்க. எங்க ஊரு அவிய வட்டம்தான்னும் ஒரு வரி சேத்திருங்க.”

நான் முள்ளில் நடந்து அளந்தவன். ஓடைதான் எல்லை என்றால் உங்கள் ஊர் வடக்குதான், அதுதானே உண்மை என்றேன்.

“ஓடை எங்கன ஓடுனா என்ன சார். பள்ளிக்கூடம் யாரு குடுக்காவளோ அந்தப் பக்கம் நாங்க இருந்துக்கிடுதோம்.”

அன்று மாலை ஆறு வரியில் பதில் எழுதினேன். தவறுக்கு வருந்துவதாகவும், மேற்படி குக்கிராமம் தெற்கு வட்டத்தைச் சேர்ந்ததே என்று ஏற்றுக்கொள்வதாகவும். இத்தனை வருட வேலையில், தெரிந்தே தப்பான விடையை எழுதிக் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான். அருளப்பன் இரண்டு தாள்களின் நகலையும் மனுவோடு வைத்துத் தெற்கு வட்டத்தில் கொடுத்தார். அவர்களால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கோயிலை ஒட்டிய கொட்டகையில் ஓராசிரியர் பள்ளி திறந்தார்கள். ஆசிரியர் தெற்குக் கரையிலிருந்து வருகிறார். மழைக்காலத்தில் இப்போது படிப்புக்காக ஓடையில் இறங்குகிறவர் அவர் ஒருவர்தான். என்மேல் அவருக்கு ரொம்பக் கோபம் என்று செல்வமேரி சொன்னார்.